சார்ட்வெல்லில் ஒரு பகல்

சார்ட்வெல்லுக்குப் போகலாமா என்று நண்பர் கேட்டபோது உடனே சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கும் அவர் வீட்டில் பத்து நாள் விருந்தாளியாகத் தங்கியிருந்தேன். அங்கிருந்து அரை நாளில் போய்வரக்கூடிய இடங்களில் வின்ஸ்டன் சர்ச்சில் 40 ஆண்டுகளாகத் தம் இல்லமாகக் கருதிய அந்த நாட்டுப்புற வீடும் ஒன்று. வங்கப் பஞ்சத்தைப் பற்றிப் படித்த எந்த இந்தியருக்கும் அந்தப் பெயரைக் கேட்டதும் நெஞ்சில் ஒரு முள் தைக்கும். ஆயினும், ஒருவரை அவர் வாழ்ந்த வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆவலும் எனக்கு எப்போதும் உண்டு. நண்பரின் மனைவியும் பத்து வயது மகளும் உடன் வர, ஜூலை மாதத்துக் காலை ஒன்றில் கிளம்பினோம்.

கென்ட் மாவட்டத்தில் வெஸ்டர்ஹாம் என்ற சிற்றூரைத் தாண்டி இரண்டு மைல் தெற்கே, மரங்கள் அடர்ந்த சரிவில் வீடு நிற்கிறது. செங்கல் கட்டடம் பெரியதுதான், ஆனால் முகப்பில் சொல்லிக்கொள்ளும்படியான அழகு எதுவும் இல்லை. பின்புற மாடத்துக்கு வந்த பிறகே சர்ச்சில் இதை ஏன் வாங்கினார் என்பது விளங்கியது. காலடியில் புல்வெளியும் குளங்களும் படிப்படியாக இறங்க, அதற்கப்பால் கென்ட்டின் தாழ்நிலம் தொடுவானம் வரை பச்சையாக விரிந்து கிடக்கிறது. அந்தக் காட்சிக்காகவே 1922இல் 5,000 பவுண்டு கொடுத்து வாங்கினார். மனைவி கிளமென்டைனுக்கு இந்த வீடு கடைசிவரை மனத்துக்கு ஒட்டவில்லை. செலவை நினைத்து அவர் அஞ்சியதும் சரியாகத்தான் இருந்தது. பிலிப் டில்டன் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு வீட்டைத் திருத்திக் குடியேற இரண்டு ஆண்டுகள் ஆயின. 1938இல் கடன் நெருக்கி வீட்டை விற்கும் நிலை வந்து, ஒரு செல்வரின் உதவியால் அது தவிர்ந்தது. போருக்குப் பிறகு நண்பர்கள் சிலர் பணம் திரட்டி வீட்டை வாங்கி, சர்ச்சில் தம்பதியர் உயிருள்ளவரை அங்கேயே வாழலாம் என்ற ஏற்பாட்டுடன் வரலாற்று இடங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு அளித்தார்கள். 1965 ஜனவரியில் அவர் இறந்ததும் கிளமென்டைன் தம் உரிமையை விட்டுக்கொடுக்க, அடுத்த ஆண்டிலிருந்து பொதுமக்கள் உள்ளே வரத் தொடங்கினர்.

மாடியில் உள்ள படிப்பறையில்தான் நான் அதிக நேரம் நின்றேன். மேல்தளத்துப் பலகையைப் பெயர்த்தெடுத்ததால் பழைய உத்திரங்களும் கைமரங்களும் அப்படியே தெரிகின்றன. நின்றுகொண்டே எழுதுவதற்கான சாய்வு மேசை ஒன்று சுவரோரம் இருக்கிறது. இரவு உணவுக்குப் பின் இங்கே வந்து, அறையின் குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடி, செயலாளர்கள் எழுதிக்கொள்ள நள்ளிரவு தாண்டியும் அவர் சொல்லிக்கொண்டே போவாராம். இந்த வீட்டை நடத்திய வருமானத்தில் பெரும்பங்கு எழுத்திலிருந்து வந்தது. 1953இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது. 1929இல் பதவி இழந்து, பத்தாண்டுகள் அரசுக்கு வெளியே இருந்த காலத்தில் ஹிட்லரைப் பற்றி நாட்டை எச்சரிக்கும் பேச்சுகளுக்கு இந்த வீடுதான் பட்டறையாக இருந்தது. அதே ஆண்டுகளில், இந்தியாவுக்கு ஓரளவு தன்னாட்சி தருவதற்கும் எதிராக அவர் ஓயாமல் போராடினார். வைஸ்ராயைச் சந்திக்க வந்த காந்தியை அரைநிர்வாணப் பக்கிரி என்னும் பொருள்பட இகழ்ந்தது 1931இல். முதல் எச்சரிக்கையை உலகம் நன்றியோடு நினைவில் வைத்திருக்கிறது. இரண்டாவது போராட்டத்தை நாம்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று அந்த அறையில் நின்றபோது தோன்றியது.

சாப்பாட்டு அறையில் வட்ட மேசையைச் சுற்றிக் கைவைத்த தாழ்வான நாற்காலிகள் போட்டிருக்கின்றன. அங்கிருந்த தன்னார்வலரான முதிய பெண்மணி, இந்த மேசையில் உண்டவர்களைப் பற்றி மிகுந்த ஈடுபாட்டோடு சொல்லிக்கொண்டிருந்தார். இந்தியர்கள் யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டேன். தமக்குத் தெரிந்து இல்லை என்றார். 1935 ஆகஸ்டில், இந்திய அரசுச் சட்டம் நிறைவேறிய கையோடு, காந்தியின் நெருங்கிய நண்பரான தொழிலதிபர் ஜி. டி. பிர்லாவைச் சர்ச்சில் இந்த வீட்டுக்குப் பகல் விருந்துக்கு அழைத்தார். தீண்டப்படாதவர்களுக்காகக் காந்தி எழுந்து நின்ற பிறகு அவர்மீது தமக்கு மதிப்பு உயர்ந்துவிட்டது என்றும் அப்போது சொன்னார். பிர்லா அதைக் கடிதமாக எழுத, 1906இல் லண்டனில் குடியேற்றநாட்டு அலுவலகத்தில் தாம் சந்தித்த இளைய சர்ச்சிலைப் பற்றித் தமக்கு நல்ல நினைவு உண்டு என்று காந்தி பதில் எழுதினார். நான் இதைச் சொல்லச் சொல்ல, அந்த அம்மையார் பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்து, பிர்லா என்ற பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எனக்கு அது மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.

அந்த மேசையின் கனிவு நீடிக்கவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து வங்கத்தில் மக்கள் தெருவில் விழுந்து மடிந்தபோது, தானியக் கப்பல்களைக் கேட்டு தில்லியிலிருந்து வைஸ்ராயும் லண்டனில் இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் ஏமரியும் திரும்பத் திரும்ப மன்றாடியும், சர்ச்சிலின் போர் அமைச்சரவை கேட்ட அளவைக் கொடுக்கவில்லை. இறந்தவர்கள் ஏறத்தாழ 30 லட்சம் பேர் என்பது பரவலான மதிப்பீடு. போரும் கப்பல் பற்றாக்குறையும் உண்மைதான் என்றாலும், பசித்தவர்களைப் பற்றி அவர் பேசிய விதத்தை ஏமரியின் நாட்குறிப்பில் படித்தவர்களால் அந்தக் காரணங்களோடு அமைதி அடைய முடியாது. என்னாலும் முடியவில்லை.

தோட்டத்துக்கு வந்தோம். காய்கறித் தோட்டத்தைச் சுற்றி நீண்ட செங்கல் மதில் ஓடுகிறது. 1925க்கும் 1932க்கும் இடையே இதன் பெரும்பகுதியை அவர் தம் கையாலேயே கட்டினார் என்று அங்கே ஒரு பலகை சொல்கிறது. நிதியமைச்சராக இருந்த காலத்திலேயே கொத்துக்கரண்டியைக் கையில் பிடித்திருக்கிறார். ஒரு நாளைக்கு 200 செங்கலும் 2,000 சொற்களும் என்று 1928இல் பிரதமர் பால்டுவினுக்குப் பெருமையாக எழுதினார். அதே ஆண்டு கொத்தனார்களின் தொழிற்சங்கத்திலும் சேர்ந்தார். நண்பர் கட்டடப் பொறியாளர். மதிலோரம் குனிந்து வரிசைகளின் மட்டத்தைப் பார்த்துவிட்டு, பொறுமையாகச் செய்த வேலை என்றார். அந்தச் சொல் எனக்கு உறுத்தியது. கலவை பூசிய ஒவ்வொரு கல்லிலும் இத்தனை கவனம் வைத்தவர், குளத்துப் பொன்மீன்களுக்குத் தாமே இரை போட்டவர், தொலைவிலிருந்து வந்த தந்திகளை அந்தக் கவனத்தோடு படித்திருக்கலாகாதா என்ற கேள்வியை மதிலோரம் நடந்து முடிக்கும்வரை என்னால் கீழே வைக்க முடியவில்லை.

கடைசியாகப் பார்த்தது பட்டாம்பூச்சிக் குடில். கூட்டுப்புழுக்களை வைத்து வளர்த்துத் தோட்டத்தில் பறக்கவிடுவதற்காகப் போருக்குப் பின் அவர் அமைத்த சிறிய இடம் அது. இந்த ஆசை அவருக்கு இங்கே பிறந்ததன்று. 1896இல் 21 வயதுப் படையதிகாரியாகப் பெங்களூருக்கு வந்தவர், பங்களாத் தோட்டத்தில் ரோஜா வளர்த்தார், பட்டாம்பூச்சிகளைப் பிடித்துச் சேகரித்தார். அந்தச் சேகரிப்பை ஓர் எலி தின்று தீர்த்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் படிக்காத அவர் வரலாற்றையும் தத்துவத்தையும் தாமாகவே படிக்கத் தொடங்கியதும் அந்தப் பங்களாவில்தான். மாடியில் பார்த்த படிப்பறைக்கு வித்து நம் மண்ணில் விழுந்தது என்பதை வீட்டுக்குள் எங்கும் நான் உணரவில்லை; இந்தக் குடிலின் முன்னால்தான் உணர்ந்தேன்.

வெளியே ஊதாப் பூங்கொத்து ஒன்றின்மேல், ஆரஞ்சுச் சிறகின் நுனியில் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் கொண்ட பட்டாம்பூச்சி உட்கார்ந்திருந்தது. நண்பரின் மகள் மூச்சை அடக்கிக்கொண்டு அருகே போய்ப் பார்த்துவிட்டு, "மாமா, இது நம்ம ஊர்லயும் இருக்கா?" என்று கேட்டாள். பெயின்டட் லேடி என்று பெயர், நம் ஊரிலும் இருக்கிறது, பெங்களூரிலும் இருக்கிறது என்றேன். அது எழுந்து மதிலைத் தாண்டிப் போகும்வரை நால்வரும் அங்கேயே நின்றோம்.