என் எம்ஜிபியின் கறுப்பு மூக்கு

பெட்ரோல் நிரப்பிக்கொண்டிருக்கும்போது முன்பின் அறியாத ஒருவர் அருகில் வந்து நின்றால், அவர் என்ன சொல்லப்போகிறார் என்பது இந்த ஏழு ஆண்டுகளில் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. தம் தந்தையிடமோ மாமாவிடமோ இப்படி ஓர் எம்ஜிபி, அந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், இருந்தது என்று தொடங்குவார். பின்பக்கமாக ஒரு சுற்று வருவார். கதவைத் தடவிப் பார்ப்பார். வண்டியின் முன்புறத்துக்கு வந்து சேர்ந்ததும் குரல் தாழ்ந்துவிடும். "இந்த பம்பர் மட்டும் குரோமாக இருந்திருந்தால்..." என்று இழுப்பார். துக்கம் விசாரிக்க வந்தவரின் தொனி அது. முதல் ஓராண்டு நானும் தலைகுனிந்து ஆமோதித்துக்கொண்டிருந்தேன்.

என் வண்டி 1978-ஆம் ஆண்டின் திறந்த எம்ஜிபி. புரூக்லண்ட்ஸ் பச்சை என்று தயாரித்தவர்கள் பெயரிட்ட கரும்பச்சை நிறம். எண் பலகையின் கடைசி எழுத்து எஸ்; அக்காலப் பிரிட்டனில் வண்டி பதிவான ஆண்டைக் காட்டிய எழுத்து அது. இது உருவான இங்கிலாந்தின் அபிங்டன் நகரத்திலிருந்து அரை மணி நேரத் தொலைவில் வசிக்கிறேன் என்பது ஒரு தற்செயல்தான். நான் விரும்பித் தேர்ந்தெடுத்த வண்டி இது என்று சொன்னால் பொய்யாகும். நான் தேடியது 1960-களின் குரோம் பம்பர் வண்டி. அதற்கு என் சேமிப்பு போதவில்லை. இதே அளவு துருவில்லாத, இதே அளவு ஒழுங்காக ஓடக்கூடிய கறுப்பு பம்பர் வண்டி அதைவிட வெகு மலிவாகக் கிடைத்தது. மலிவு என்பதற்காக வீட்டுக்குள் வந்த பொருள், போகப்போக வேறு காரணங்களுக்காக நிலைத்துவிட்டது.

எம்ஜிபி 1962-இல் வந்தது. மெல்லிய குரோம் பம்பரும் செங்குத்துக் கம்பிகள் கொண்ட கிரில்லும் வைத்த, எவரும் குறை சொல்ல முடியாத முகம் அதற்கு இருந்தது. அந்த முகத்தை 1974 செப்டம்பரில் எடுத்துவிட்டு, கறுப்பு நிறத்தில் பருமனான ஒரு மூக்கைப் பொருத்தினார்கள். எல்லோரும் ரப்பர் பம்பர் என்கிறார்களே தவிர அது ரப்பர் அன்று. உள்ளே எஃகுச் சட்டம், வெளியே வார்க்கப்பட்ட பாலியுரித்தேன். காரணம் அமெரிக்கச் சட்டம். மணிக்கு 5 மைல் வேகத்தில் மோதினாலும் விளக்குகள் முதலான பாதுகாப்பு உறுப்புகள் பழுதாகக் கூடாது என்றும், அந்த மோதலைத் தரையிலிருந்து 16 முதல் 20 அங்குல உயரத்தில் பம்பர் தாங்க வேண்டும் என்றும் அந்நாட்டு விதிகள் கேட்டன. எம்ஜிபி அதற்கு மிகவும் தாழ்வான வண்டி. ஆகவே பம்பரை மாற்றியதோடு நில்லாமல், சஸ்பென்ஷனையும் மாற்றி வண்டியையே ஓரங்குலத்துக்குக் குறையாமல் உயர்த்தினார்கள். உற்பத்தியின் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் கப்பலேறியது. பிரிட்டனுக்கென்று தனியே இன்னொரு உடலைச் செய்யப் பணமில்லை. எனவே சட்டம் இல்லாத ஊரிலும் சட்டத்தின் மூக்கு வந்து சேர்ந்தது.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. உயர்த்தப்பட்ட வண்டி வளைவுகளில் கூடுதலாகச் சாயும் என்பது தெரிந்தும், அந்தச் சாய்வைத் தடுக்கும் முன்பக்க ஆன்டி ரோல் பாரையும் செலவு கருதி ரோட்ஸ்டரிலிருந்து, அதாவது திறந்த வண்டியிலிருந்து, எடுத்துவிட்டார்கள். 1975, 1976 வண்டிகளைப் பற்றி அன்றைய ஓட்டுநர்கள் புலம்பியதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்கா சென்றவற்றின் நிலை இன்னும் மோசம்: புகைக் கட்டுப்பாட்டுக்காக, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குத் தரும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களை எடுத்துவிட்டு ஒற்றை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர் வைத்ததில், தொடக்கத்தில் 95 குதிரைத்திறன் என்று அறிவிக்கப்பட்ட அதே 1798 சிசி இன்ஜின் 60-க்குச் சற்று மேலே வந்து நின்றது. பிரிட்டன் வண்டிகளில் இரட்டை எஸ்யூ கடைசிவரை இருந்தது. கறுப்பு பம்பரின் கெட்ட பெயரில் ஒரு பகுதி, அட்லாண்டிக்குக்கு அப்பால் நடந்ததற்காக இந்தப் பக்கத்து வண்டிகள் சுமக்கும் பழி என்பது என் எண்ணம்.

1977-ஆம் ஆண்டு மாதிரியில் அபிங்டன்காரர்கள் தங்களால் இயன்றதைத் திருத்தினார்கள். என் வண்டி அதற்குப் பிந்தையது. முன்னும் பின்னும் ஆன்டி ரோல் பார்கள் வந்தன. ஸ்டீயரிங் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மூன்று சுற்றுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது மூன்றரைச் சுற்றாயிற்று. கூர்மை சற்று மழுங்கியது உண்மைதான், ஆனால் பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியை இடுக்கான சந்தில் நிறுத்துகிறவனின் தோள்களைக் கேட்டால் வேறு பதில் வரும். ரேடியேட்டரை முன்னே நகர்த்தி மின்விசிறி வைத்தார்கள். நெரிசலில் நிற்கும்போது வெப்பமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் குறைந்தது. இருக்கைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளுக்குப் பதிலாக ஒரே 12 வோல்ட் பேட்டரி கறுப்பு பம்பரோடு சேர்ந்தே வந்தது. நடைமுறையில் இது எவ்வளவு பெரிய நன்மை என்பது, குளிர்காலக் காலையில் பழைய இரட்டையரோடு போராடும் நண்பர்களைப் பார்த்தவர்களுக்கே தெரியும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது கியர் குமிழின் தலையில் இருக்கும் சின்ன விசை. அதே வேகத்தில் இன்ஜினை மெதுவாகச் சுழலவிடும் கூடுதல் கியரான ஓவர்டிரைவை இயக்கும் விசை அது. நெடுஞ்சாலையில் நான்காவது கியரில் 70 மைல் வேகத்தில் போகும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 3,900 சுற்றில் கத்திக்கொண்டிருக்கும். கட்டைவிரலால் விசையைத் தள்ளினால் அரை நொடி தயங்கி, ஒரு பெருமூச்சு விட்டதுபோல 3,200 சுற்றுக்கு இறங்கும். கைகளை ஸ்டீயரிங்கின் பக்கத்துத் தண்டுக்கோ டாஷ்போர்டுக்கோ கொண்டுபோக வேண்டியதில்லை. 1976 வரை வந்த வண்டிகளுக்கு இந்தச் சுகம் கிடையாது. கூடவே, சாய்வு நாற்காலித் துணிபோல் பட்டைக் கோடு போட்ட இருக்கைகளும் என் வண்டியில் உண்டு. அவற்றை அழகு என்று வாதாடும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை.

மாற்றிவிடலாமே என்று பலரும் சொல்வார்கள். மாற்றலாம், அதற்கான உதிரிப் பாகங்கள் தொகுப்பாகவே விற்கின்றன. ஆனால் அது போல்ட்டைக் கழற்றி மாட்டும் வேலை அன்று. கறுப்பு மூக்கில் முன்பக்க இண்டிகேட்டர்கள் பம்பருக்குள்ளேயே இருக்கின்றன. குரோம் வண்டியில் அவை உடலின் முன் இறக்கைகளில், அதாவது முன்சக்கரங்களை மூடும் தகடுகளில், இருந்தன. ஆகவே இறக்கைகளையே மாற்ற வேண்டும், பின்புற மூலைகளில் தகடு வெட்டிப் பற்றவைக்க வேண்டும், உயரத்தைக் குறைக்க வேண்டும், பிறகு முழு வண்டிக்கும் வண்ணம் பூச வேண்டும். இவ்வளவும் முடிந்தபின் உள்ளே எட்டிப்பார்க்கும் எந்த ரசிகரும் 1977-க்குப் பிந்தைய டாஷ்போர்டைக் கண்டதும் உண்மையைச் சொல்லிவிடுவார். அதற்கும் முன்பே எண் பலகையின் எஸ் சொல்லிவிடும். என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் இந்த மாற்றத்தைப் பலருக்குச் செய்து கொடுத்தவர். எனக்கும் ஒருமுறை விலை சொன்னார். அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்க்கையில்தான், பணத்தைக் காட்டிலும் வேறொன்று என்னைத் தடுக்கிறது என்பது புரிந்தது.

1974-இல் அந்தக் கறுப்பு மூக்கைப் பொருத்தியிருக்காவிட்டால் அமெரிக்கச் சந்தை மூடியிருக்கும். அமெரிக்கா இல்லாமல் எம்ஜிபி ஓராண்டுகூடத் தாங்கியிருக்குமா என்பது ஐயம். தாய் நிறுவனமான பிரிட்டிஷ் லேலண்ட் 1975-இல் அரசின் கைக்குப் போகும் அளவுக்கு நொடித்திருந்தது; இருந்த பணமும் அதே நிறுவனத்தின் இன்னொரு ஸ்போர்ட்ஸ் காரான டிரையம்ஃப் டிஆர்7-க்குப் போயிற்று. புதிய வண்டி செய்ய வழியில்லாத ஒரு தொழிற்சாலை, 12 ஆண்டு பழைய வண்டியைச் சட்டத்துக்குள் அடக்கி, மேலும் ஆறு ஆண்டுகள் ஓட்டிய கதைதான் இந்த பம்பர். அதிலும் கைத்திறன் இருக்கிறது. அதே ஆண்டுகளில் அமெரிக்கா போன பிஎம்டபிள்யூ 2002 என்ற மாடலின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த அலுமினியப் பலகையைப் பாருங்கள். எம்ஜி அப்படி ஒட்டுப் போடவில்லை, கிரில்லின் வடிவத்தையே வார்ப்பில் எடுத்து, நடுவில் எண்கோணச் சின்னத்தையும் பதித்து, உடலின் கோட்டோடு சேர்த்து முடித்தது. இன்று தெருவில் போகும் எந்தக் காரிலும் பம்பர் உடலோடு ஒன்றித்தான் இருக்கிறது. கரும்பச்சை, கறுப்பு போன்ற அடர்ந்த நிறங்களில் இந்த மூக்கு கண்ணை உறுத்துவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மஞ்சள் வண்டிக்காக வாதாட நான் வரவில்லை.

1979 செப்டம்பரில், எம்ஜி அபிங்டனுக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் ஆனதைக் கொண்டாடினார்கள். கொண்டாட்டத்தின் சூடு ஆறுவதற்குள் ஆலையை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. 1980 அக்டோபரில் கடைசி எம்ஜிபி வெளியேறியது. அதன் முகத்திலும் கறுப்பு பம்பர்தான். அந்தத் தொழிலாளர்கள் கடைசியாகத் தொட்ட வண்டிகளின் முகத்தை வெட்டி, 1960-களின் முகத்தை ஒட்ட எனக்கு மனமில்லை.

சென்ற ஆண்டு பேரங்காடியின் வாகன நிறுத்தத்தில், முன்னால் நின்ற ஒரு பெரிய வண்டி என் வண்டியைக் கவனிக்காமல் பின்னோக்கி வந்தது. நான் ஹாரனை அழுத்துவதற்குள் 'தொப்' என்று ஒரு மந்தமான சத்தம். இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்த வண்டியின் பின்புறத்தில் ஒரு சிராய்ப்பு. என் பம்பரில் அதன் வெள்ளை வண்ணம் விரற்கடை அகலத்துக்கு ஒட்டியிருந்தது. அவ்வளவுதான். ஓட்டிவந்த பெரியவர் நடுங்கிப்போய் மன்னிப்புக் கேட்டார். நான் எச்சில் தொட்ட கைக்குட்டையால் துடைத்தேன், பாதி போய்விட்டது. அரை நூற்றாண்டுக்கு முன் ஓர் அயல்நாட்டுச் சட்டம் கேட்டதை, அது என் கண்ணெதிரே செய்து காட்டியது. குரோமாக இருந்திருந்தால் வளைந்த துண்டோடு வீடு திரும்பியிருப்பேன்.

இதற்கு ஈடாக அது கேட்பது கொஞ்சம் எண்ணெய். வெயிலில் பாலியுரித்தேன் வெளுத்துச் சாம்பல் பூக்கும். கடைகளில் விற்கும் மெருகுகள் இரண்டு மழைக்குத் தாங்குவதில்லை. பழைய உரிமையாளர்கள் சொல்லித் தந்தபடி, மரச்சாமான்களுக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு, சோப்பு நீரில் கழுவிக் காயவைத்த பம்பரில் சிறு சிறு வட்டமாகத் தேய்த்து, ஓரிரவு ஊறவிட்டு, மறுநாள் மிச்சத்தைத் துடைத்துவிடுகிறேன். சாம்பல் விலகி, நனைந்த பாறையின் கருமை மேலே வரும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் உலரும்போது சூடேறி, சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றிக்கொள்ளக்கூடும். அதனால் பிரித்து, தோட்டத்துக் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவைக்கிறேன். ஏப்ரல் மாதத்தில் என் கொடியில் பழுப்பேறிய மூன்று துணிகள் ஆடுவதைப் பார்த்தால், வண்டி இந்த ஆண்டுக்குத் தயாராகிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் தெரிந்துகொள்கிறார்.