மூன்று விரல்

பல் டாக்டரிடம் யாரும் எதையும் மறைக்க முடியாது என்று படிக்கிற காலத்தில் நினைத்திருந்தேன். வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்! வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, ஒரு பொய்கூடச் சொல்லாமல் எல்லாவற்றையும் மறைத்துவிடலாம் என்று. கேட்கிறவருக்குச் சரியாகக் கேட்கத் தெரியாமல் இருந்தால் போதும்.

மதுரைக்குத் தெற்கே ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் பல் பிரிவில் இருந்தேன். ஒரே ஒரு நாற்காலி, நினைத்தால் மக்கர் செய்யும் கம்ப்ரசர், எட்டு மணிக்கே ஓ.பி. சீட்டோடு நிற்கும் கூட்டம். சேர்ந்து சில மாதம் இருக்கும். பத்தாவது படிக்கும் பையனை அவன் அம்மா கூட்டிவந்தார். மில்லுக்கு நேரமாகிவிட்ட அவசரம் அவர் முகத்தில் தெரிந்தது.

"காரம் பட்டா உதடு எரியுதுங்கிறான் டாக்டரம்மா."

கீழுதட்டைப் பிரித்துப் பார்த்தேன். உள்பக்கம் நடுவில், கட்டைவிரல் நகம் அளவுக்கு, வெகுநேரம் தண்ணீரில் ஊறிய விரல் நுனி மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது. சிகரெட் பிடிப்பியா தம்பி என்று கேட்டேன். இல்ல மேடம். பாக்குப் பொட்டலம்? இல்ல மேடம். தண்ணி? இந்தக் கேள்விக்கு அம்மா என்னை முறைத்தார். பல் ஏதும் குத்துகிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, சத்துக்குறைவாக இருக்கும் என்று பி காம்ப்ளக்ஸ் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அவர்கள் போனதும், அறையைக் கூட்டித் துடைக்கும் அக்கா சொன்னார்: "மேடம், அவன் கூல் வைக்கிற பய. என் மவனுக்கும் இதே எடத்துலதான் இப்படி இருந்துச்சு."

அஞ்சு வருடம் பல் மருத்துவம் படித்த எனக்கு அது தெரியவில்லை. புகையிலை அடக்கினால் உதட்டில் என்ன வரும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். ஆனால் அந்தப் படத்தில் இருந்தவர் வேட்டி கட்டிய அறுபது வயதுக்காரர். பள்ளிச் சீருடையில் யாரும் இல்லை.

பையன்கள் 'கூல்' என்று சொல்வது பொடித்த புகையிலை அடைத்த ஒரு குட்டிப் பை. டீத்தூள் பையைப் பல மடங்கு சுருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. புதினா வாசம் வேறு. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்துக்கொண்டால் வெளியே தெரியாது. துப்ப வேண்டாம், புகை வராது. அதை வாயில் வைத்துக்கொண்டே கணக்கு வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லலாம். நம் ஊர் அம்மாக்களிடம் இருக்கும் ஒரே சோதனை, "எங்க, ஊது பாப்போம்" என்பது. கூல் வைத்த பையன் தைரியமாக ஊதுவான்.

அந்தப் பையன் என்னிடம் பொய் சொல்லவே இல்லை. அவன் கணக்கில் புகையிலை என்றால் தாத்தா போடுவது. கூல் வேறு.

அக்காவிடம் பாடம் கேட்ட பிறகு என் கேள்வியை மாற்றிக்கொண்டேன். முதலில் அம்மாவை, "சீட்டுல சீல் வாங்கிட்டு வாங்கம்மா" என்று வெளியே அனுப்புவேன். அப்புறம் பையனிடம், "பழக்கம் இருக்கா?" என்று கேட்க மாட்டேன். "உங்க கிளாஸ்ல எத்தன பேர் கூல் வைக்கிறாங்க?" என்பேன். மற்றவர்களைப் பற்றிச் சொல்வதில் அவர்களுக்குத் தயக்கம் கிடையாது. எட்டு பேர், பத்து பேர் என்பார்கள். "அதுல நீ எத்தனாவது ஆளு?" என்றால் சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் மீதியை அவர்களே சொல்வார்கள்.

அப்படிச் சொன்னதில் அடிக்கடி வந்த ஆட்கள் மூன்று பேர். கபடி அணியில் இருக்கும் அண்ணன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், கல்யாண வீட்டில் பந்தல் வேலைக்குக் கூட்டிப்போகிறவர். முன்பின் தெரியாத ஒருவன் இருட்டில் நின்று கொடுத்தான் என்று ஒருவன்கூடச் சொன்னதில்லை. முதல் தடவை தலை கிர்ரென்று சுற்றி வாந்தி வந்திருக்கும். நிகோடின் ஒரு நஞ்சு என்று உடம்பு சொன்ன முதல் செய்தி அது. பக்கத்தில் நின்ற அண்ணன், "அதான்டா கிக்கு, போகப்போகச் சரியாயிரும்" என்று அதற்கு வேறு பொருள் சொல்லியிருப்பான்.

மெல்லும் புகையிலையையும் குட்காவையும் தமிழ்நாடு 2013 மே மாதம் தடை செய்தது. 2003ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக்கூடாது. பள்ளிக்கு 100 கஜத்துக்குள் புகையிலை விற்கும் கடையே இருக்கக்கூடாது. பையன்களுக்கு இதெல்லாம் தெரியும். தடை வந்ததால் விலை ஏறிவிட்டது, அதனால் நாலு பேர் பங்கு போட்டு வாங்குகிறோம் என்று ஒருவன் எனக்கு விளக்கினான். நான் பி காம்ப்ளக்ஸ் கொடுத்து அனுப்பிய பையனும் அதில் ஒருவன். அந்த நாலு பேரையும் அடுத்தடுத்த வருடங்களில் நான் பார்க்க நேர்ந்தது. சிறிய ஊர், ஒரே பல் டாக்டர்.

2019இல் இந்தியா முழுவதும் 13 முதல் 15 வயது மாணவர்களிடம் நடந்த கணக்கெடுப்பில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். அதைவிட என்னை உறுத்தியது இன்னொரு கணக்கு. மெல்லும் வகைப் புகையிலையைத் தொட்ட மாணவர்களில் பாதிப் பேருக்கு மேல் பத்து வயது நிறையும் முன்பே தொடங்கியிருந்தார்கள். நாலாங்கிளாஸ் பிள்ளை எங்கே போய்ப் பழகும்? என் நாற்காலியில் உட்கார்ந்த வாய்களைக் கேட்டால் பதில் வீட்டுக்குள்ளேயே இருந்தது. "பாட்டிக்குப் பொகையில வாங்கிட்டு வாடா" என்று நம்மில் எத்தனை பேர் கடைக்கு ஓடியிருக்கிறோம். பல்வலி என்றால் துளி புகையிலையைக் கிள்ளி, வலிக்கிற பல்லில் அடக்கு என்பது எங்கள் பக்கத்தில் இன்றும் உள்ள வைத்தியம். பிராந்தியைப் பஞ்சில் நனைத்து வைப்பது அதற்கு அடுத்த கட்டம். ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒன்று கன்னம் வீங்கி, வாயில் சாராய நெடியோடு வந்தது. "அழுகய நிறுத்தலம்மா, அதான் அவுக அப்பா வச்சு விட்டாக" என்றார் ஆத்தா. சொத்தைப்பல்லில் எதை வைத்தாலும் சீழ் நிற்காது என்று சொல்லி அனுப்பினேன். அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை.

பங்கு போட்டுக் கூல் வாங்கிய அந்த நாலு பேரில் இன்னொருவனை நான் பார்த்தது ஊர்த் திருவிழாவுக்கு மறுநாள். வயது 17. பைக்கோடு விழுந்து கீழ்த்தாடை எலும்பு முறிந்து, பல்லோடு பல் சேராமல் வாய் கோணியிருந்தது. தாடையைக் கட்டி மதுரைக்கு அனுப்ப வேண்டிய நிலை. ஊற்றிக் கொடுத்தது தாய்மாமன். அவரே ஆட்டோவில் தூக்கிக்கொண்டும் வந்திருந்தார், சட்டையெல்லாம் இரத்தம். "பீருதான் டாக்டரம்மா, பிராந்தி எல்லாம் குடுக்கல. ஆம்பளப் புள்ள, வெளிய போயி கண்டதையும் குடிக்கிறதுக்கு நம்ம கண்ணு முன்னாடி..." என்று இழுத்தார். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக்கூடாது. குழந்தைக்கு மதுவோ புகையிலையோ கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவில் சொல்கிறது. எனக்கு அந்தப் பிரிவு தெரியும். அந்த நேரத்தில், அழுதுகொண்டிருந்த அந்த மனிதரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குள் ஒரு வழக்கு ஓடுகிறது.

"பீருதான்." இந்த 'தான்' எங்கள் ஆஸ்பத்திரியில் தினமும் கேட்கும். சிகரெட் இல்ல மேடம், பாக்குதான். பாக்கு இல்ல, கூல்தான். கஞ்சா இல்லம்மா, சரக்குதான். ஒவ்வொரு 'தா'னுக்கும் பின்னால் ஒரு 'பரவாயில்லை' நிற்கிறது.

மூன்றாமவன் 19 வயதில் வந்தான். பல்வலி என்றான், பல்லில் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு வலி மாத்திரையின் பெயரைச் சொல்லி, அதையே எழுதிக் கொடுக்கச் சொன்னான். டபென்டடால் என்ற அந்த மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றுகிற பையன்களைப் பற்றி அப்போது எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். முழுக்கைச் சட்டையை மடக்கச் சொன்னேன். மடக்கவில்லை. எழுந்து போவான் என்று நினைத்தேன், போகவுமில்லை. கூட்டம் குறைந்த மதிய நேரம். கேட்டதற்கு வரிசையாகச் சொன்னான். ஏழாவதில் பாக்கு, ஒன்பதாவதில் கூல், பத்தாவது முழுப்பரீட்சை லீவில் பீர், பாலிடெக்னிக் முதல் வருடம் கஞ்சா, அப்புறம் இது. ரயில் நிலையங்களின் பெயரைச் சொல்வது மாதிரி ஒன்றுவிடாமல் சொன்னான்.

இந்த வரிசைக்கு ஆராய்ச்சியில் ஒரு வரலாறே உண்டு. டெனிஸ் காண்டெல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1975இல், நியூயார்க் மாநில மாணவர்களைத் தொடர்ந்து பார்த்து எழுதினார்: பீர், ஒயினில் தொடங்கி, சிகரெட்டும் கடும் மதுவும் வழியாகக் கஞ்சா, அதற்குப் பிறகே மற்றவை. நடுவில் தாண்டிக் குதிக்கிறவர்கள் குறைவு. பல வருடம் கழித்து, 2011இல், அவரும் கணவர் எரிக் காண்டெலும் (2000இல் மருத்துவ நோபல் பெற்றவர்களில் ஒருவர்) இருந்த குழு எலிகளிடம் சோதித்தது. முதலில் நிகோடின் பழக்கிய எலிகளின் மூளை கொகைனுக்கு அதிகமாக எகிறியது. வரிசையை மாற்றிக் கொடுத்தால் அப்படி நடக்கவில்லை. இருபத்தைந்து வயதுவரை மனித மூளையில் கட்டுமான வேலை முடிவதில்லை. முன்யோசனைக்கான முன்பகுதிதான் கடைசியில் முதிர்கிறது. அதற்குள் இப்படி ஒன்று நுழைந்தால் என்ன ஆகும் என்று எலியை வைத்துக் கொஞ்சம் ஊகிக்கலாம்.

கொஞ்சம்தான். இதை மறுக்கிறவர்களும் உண்டு. அதே தெரு, அதே நண்பர்கள், அதே வீட்டுச் சண்டை. கூல் வைத்ததால் கஞ்சாவுக்குப் போனானா, இரண்டுக்கும் ஒரே காரணமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் நாலு பேரில் மாத்திரைவரை போனது ஒருவன்தான். தாடை உடைந்தவன் அந்த விபத்தோடு குடியை விட்டான். முதலில் பி காம்ப்ளக்ஸ் வாங்கிப் போனவன் கபடியில் மூச்சு வாங்குகிறது என்று பன்னிரண்டாவதில் கூலையும் விட்டான். அவன் உதட்டு வெளுப்பு சில வாரத்திலேயே மறைந்துவிட்டது. அந்த வயதுச் சதைக்கு அவ்வளவு மன்னிக்கும் குணம் இருக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு. 'போதைக்கு வாசல்' என்று மேடையில் சொல்லும்போதெல்லாம், வாசலில் நிற்பது குற்றமில்லை, உள்ளே போவதுதான் ஆபத்து என்றுதான் பையன்கள் காதில் விழுகிறது. நானே ஒரு பள்ளியில் அப்படிப் பேசினேன். பேசி முடித்ததும் ஒருவன் எழுந்து, "அப்ப கூலோட நிப்பாட்டிக்கிட்டா ஒண்ணும் ஆகாதுல்ல மேடம்?" என்று கேட்டான். வாத்தியார் அவனை அதட்டி உட்கார வைத்தார். ஆனால் என் பேச்சைச் சரியாகக் கவனித்தவன் அவன் ஒருவன்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019இல் மற்றப் போதைப்பொருட்களால் இறந்தவர்கள் சுமார் 6 லட்சம், மதுவால் 26 லட்சம். புகையிலையால் வருடந்தோறும் இறப்பவர்கள் 70 லட்சத்துக்கும் மேல். வாசலிலேயே விழுகிறவர்கள்தான் அதிகம்.

நாலாமவன் அங்கேதான் நின்றான். கஞ்சா தொட்டதில்லை, ஊசி தெரியாது. ஆறாவதிலிருந்து பாக்குப் பொட்டலம், கூடவே கூல், வேலைக்குப் போனதும் வாரக்கடைசியில் குவார்ட்டர். 22 வயதில் வந்தபோது, "வடையக் கடிக்க முடியல மேடம்" என்றான். மூன்று விரலைச் செங்குத்தாகச் சேர்த்து வாய்க்குள் விடச் சொல்வது எங்கள் பழைய சோதனை. சாதாரண வாய்க்குப் போகும். அவனுக்கு இரண்டே நுழையவில்லை. ஸ்கேலில் 21 மில்லிமீட்டர். கன்னத்தின் உள்பக்கம் விரலை வைத்தால் சதைக்கு அடியில் நார் நாராக, இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி தட்டியது. இது பாக்கின் வேலை. அதில் புகையிலையே இல்லாவிட்டாலும் வரும். புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் பட்டியலில் பாக்கையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு சேர்த்திருக்கிறது. இறுகிய வாய்களில் ஒரு பங்கு பின்னால் புற்றாக மாறுகிறது. புகையிலையோடு மதுவும் சேர்ந்தால் வாய்ப்புற்றுக்கான ஆபத்து இரண்டையும் கூட்டியதை விட அதிகம்.

விட்டுவிட்டான். ஒரே நாளில் இல்லை. மூன்று தடவை விட்டு, மூன்றாவதில் நின்றது. கன்னத்தில் ஊசி போடுகிறோம். வீட்டில் செய்யப் பயிற்சி, ஐஸ் குச்சி. குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து, அப்படியே பிடித்திருந்து, முடிந்தபோது இன்னொன்று செருக வேண்டும். ஒரு குச்சி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். முழுசாகப் பழையபடி ஆகாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். தெரு முனை ஐஸ்காரரிடம் ஒரு கட்டு வாங்கி, ரப்பர் பேண்ட் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருக்கிறான். முன்பு கூல் டப்பி இருந்த பை.

போன செவ்வாய்க்கிழமை வந்து நாற்காலியில் உட்கார்ந்து, நான் கேட்காமலே அடுக்கிக் காட்டினான். பதின்மூன்று போனது. பதினாலாவதைச் செருகும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பாதியில் நின்றது. குச்சிகளை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் மேடம்" என்றான். சரி என்று சீட்டில் 13 என எழுதிக் கொடுத்தேன்.