ஒரு கிலோ கூடாரமும் அத்தையின் தையல் மெஷினும்

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிள்ளானிலிருந்து கிளம்பியபோது காரின் பின்சீட்டில் வெட்டி மடித்த துணி, இரண்டு அலுமினியக் குழாய்கள், ஒரு பந்து கயிறு, அத்தைக்கு ஒரு டின் முறுக்கு. போகுமிடம் மலேசியாவில் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட். ஈப்போவைத் தாண்டி வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். நானே வரைந்து வெட்டிய கூடாரத்தை அத்தையின் மெஷினில் தைத்து, ஓர் இரவு அதில் படுத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

"கடையிலேயே கெடைக்குமேடா?" என்றார் மாமா. கிடைக்கும். என்னிடமே ஒன்று இருக்கிறது, 3 கிலோவுக்கு மேல். போன வருஷம் அதைச் சுமந்து மலை ஏறியபோது, பாதி வழியில் யாருக்காவது தானமாகக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். வீட்டுக்கு வந்ததும் பிரித்து, ஒவ்வொரு பாகமாகச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். கனமெல்லாம் கம்பிகளிலும் தடித்த அடித்துணியிலும் இருந்தது. குளிர்நாட்டுக்காரர்களை நினைத்துச் செய்த பொருள் அது. நம் ஊரில் பனியா கொட்டுகிறது? மேலே மழை, கீழே ஈரம், பக்கவாட்டில் கொசு. இந்த மூன்றையும் தடுத்து, காற்றை மட்டும் தாராளமாக உள்ளே விட்டால் போதும்.

நான் வரைந்தது இப்படி: தலைமாட்டில் 120 செ.மீ. கம்பு, கால்மாட்டில் 75 செ.மீ. கம்பு, நடுவில் முகடு, முகட்டின் இரண்டு பக்கமும் சரியும் துணி. நீளம் 270 செ.மீ. அகலம் தலைப்பக்கம் 150, கால்பக்கம் 110. படுத்திருப்பவனுக்குக் கால்பக்கம் உயரம் எதற்கு? அதைக் குறைத்ததிலேயே ஒரு சதுர மீட்டருக்கு மேல் துணி மிச்சம். துணி, சிலிக்கான் பூசிய நைலான், சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிராம். மேல்துணி 400 கிராமுக்குள் அடங்கும். கொசுவலையும் அடித்துணியும் 300, கம்புகள் 165, எட்டு முளைகள் 110, கயிறு 50. ஆக மொத்தம் ஒரு கிலோவும் கொஞ்சமும்.

எடையைக் குறைப்பது சுலபம். குறைத்த பிறகு அதை நிற்க வைப்பதுதான் வேலை. இந்த வகைக் கூடாரத்தில் கம்பு தானாக நிற்காது. கயிறும் துணியும் இழுக்கின்றன, கம்பு அந்த இழுப்பை வாங்கித் தரைக்குள் தள்ளுகிறது. கயிறு எந்தச் சாய்வில் இறங்குகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம். காற்று கம்பின் உச்சியை 10 கிலோ அளவுக்குப் பக்கவாட்டில் தள்ளுகிறது என்று வையுங்கள். கயிறு தரையோடு 60 டிகிரியில் இறங்கினால், அதைத் தாங்கக் கயிற்றில் 20 கிலோ இழுப்பு வேண்டும். அதில் 17 கிலோ கம்பை நேராகக் கீழே அமுக்கும். அதே கயிற்றை 30 டிகிரிக்குச் சாய்த்து எட்டக் கட்டினால் கயிற்றில் 11.5 கிலோ, கம்பின் மேல் 6 கிலோகூட இல்லை. மெல்லிய கம்பு வேண்டும் என்றால் நீண்ட கயிறு வேண்டும். ஆனால் நீண்ட கயிறு இடத்தை அடைக்கும், இருட்டில் எவனாவது தடுக்கி விழுவான். நான் 40 டிகிரிக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன்.

கம்பின் நீளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் போட்டுவைத்தது: ஒரே தடிமனில் கம்பின் நீளத்தை இரட்டிப்பாக்கினால், அது வளைந்து ஒடியாமல் தாங்கும் சுமை கால்பங்காகிவிடும். உள்ளே நிமிர்ந்து உட்காரும் ஆசையில் கம்பை நான் 140-க்கு உயர்த்தாமல் விட்டதற்கு இதுதான் காரணம். குனிந்து உட்கார்ந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

சனிக்கிழமை காலை பசியாறி முடித்ததும் துணியை விரித்தேன். அத்தை முப்பது வருஷமாக ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைக்கிறவர். விரலால் தடவிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னடா இது, பாம்புச் சட்டை மாதிரி வழுக்குது?"

குண்டூசி குத்தக் கூடாது, குத்திய ஓட்டையெல்லாம் பிறகு ஒழுகும் என்றேன். உள்ளே போய், பள்ளிப் பிள்ளைகள் காகிதத்தில் மாட்டும் கிளிப் ஒரு டப்பா கொண்டுவந்தார். இரண்டு துண்டுகளையும் சேர்த்து ஜாணுக்கு ஒரு கிளிப். மெஷினில் 11-ஆம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல். முகட்டுக்கு ஜீன்ஸ் கால் ஓரத்தில் இருப்பதுபோல ஒன்றுக்குள் ஒன்று மடித்த இரட்டைத் தையல் வேண்டும் என்றதும், "அத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றார். நான் காகிதத்தில் அரை மணி நேரம் வரைந்து விளக்கத் தயாராக வைத்திருந்த விஷயம் அது.

முகட்டு ஓரம் நேர்க்கோடாக இல்லாமல் நடுவில் 8 செ.மீ. உள்வாங்கி வெட்டப்பட்டிருப்பதைப் பார்த்து, கத்தரி தவறிவிட்டதா என்று கேட்டார். தவறவில்லை. இரண்டு கம்புக்கு நடுவே கட்டிய எதுவும் தொய்யும், துணிக்கொடி உட்பட. அந்தத் தொய்வையே முன்கூட்டி வெட்டிவிட்டால் துணி நெடுக்கில் கீழ்ப்பக்கமாகவும் குறுக்கில் மேல்பக்கமாகவும் வளைந்து, குதிரைச் சேணம் மாதிரி இறுகும். எதிரெதிராக வளைந்த துணி காற்றில் படபடக்காது. 1972 ஒலிம்பிக்குக்கு மியூனிக்கில் எழுந்த அரங்கக் கூரையும் இந்தத் தத்துவத்தில் நிற்பதுதான். அதில் பங்குகொண்ட ஜெர்மன் கட்டடக் கலைஞர் பிரை ஓட்டோ, கம்பி வளையங்களைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, படலம் எப்படி இழுத்து நிற்கிறது என்று பார்த்தே வடிவங்களைக் கண்டுபிடித்தவர். அத்தையிடம் சோப்புக் கதையைச் சொன்னேன். தலையாட்டிவிட்டுக் கேட்டார்: "எல்லாஞ் சரி, தையலுக்கு எவ்வளவு விட்டிருக்கே?"

முகட்டுக்கு விட்டிருந்தேன். கால்பக்கம் மூடும் முக்கோணத் துண்டுக்கு விடவில்லை. மூன்று வாரம் கணக்குப் போட்டவன், ரவிக்கை தைக்கும் எவரும் முதலில் நினைக்கும் ஒன்றரை செ.மீ.-யை மறந்திருந்தேன். இருக்கிற துணியிலேயே மடித்துத் தைத்தார். அந்த மூலையில் இன்றைக்கும் ஒரு சுருக்கம் இருக்கிறது, எப்படி இழுத்துக் கட்டினாலும் போகாது.

நாலு மணிக்குத் தையல் முடிந்தது. மாமாவின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து தோட்டத்துக்குப் போனோம். டவுனைப் பற்றி நிறையச் சொல்லலாம். 1948 ஜூன் 16-ல் இந்த வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டத்துரைகள் கொல்லப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. பிற்பாடு தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்களிடம் பணம் திரட்டித் தோட்டம் வாங்கக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர். மாமா எதையும் நிறுத்திக் காட்டவில்லை. பார்க்கிற இடமெல்லாம் "முந்தி இது கித்தா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். கித்தா என்றால் ரப்பர். இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக்காரர்கள்.

செம்பனைக்குள் கூடாரம் போடுவதாக எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. கயிறு கட்ட மரம் வரிசையாக நிற்கிறதே! தோட்டத்து ஜாகா, அதாவது காவல்காரர், சிரித்தே விட்டார். மட்டை விழுந்தால் ஒரு முள்ளே போதும். எலிக்குப் பாம்பு வரும். எலியைப் பிடிக்க ஆந்தைக்குக்கூடப் பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். கித்தா மரத்தடியும் ஆகாது, காற்றில் கிளை முறியும். கடைசியில் கோயிலுக்கு எதிரே இருந்த பழைய திடலைக் காட்டினார். அங்கே இருந்த லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, இடித்து வெகுகாலம் ஆயிற்றாம்.

பத்து நிமிஷத்தில் கூடாரம் நின்றது. முகடு விறைப்பாக, ஒரு மடிப்பில்லாமல். போட்டோ எடுத்தேன். அந்தப் போட்டோவை இங்கே போட்டு இத்தோடு நிறுத்தியிருந்தால் என்னைப் பெரிய கைகாரன் என்று நம்பியிருப்பீர்கள்.

ஐந்தரைக்கு மழை. சாயங்கால இடிமழை, கண் தெரியாத அளவுக்கு. நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும் என்று படித்திருக்கிறேன், எவ்வளவு நீளும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கால் மணி நேரத்தில் பக்கச் சுவர் தொளதொளத்து உள்ளே வந்து தோளில் ஒட்டியது. கயிறுகளை இழுத்து இறுக்கினேன். மாமா முன்னாளில் லொறி ஓட்டியவர். "நகரு" என்று சொல்லி, பலகை கட்டும் லொறி முடிச்சைப் போட்டு இழுத்தார். நடுவில் ஒரு வளையம் போட்டு அதற்குள் விட்டு இழுக்கும் அந்த முடிச்சு, உராய்வை விட்டுவிட்டால் இழுக்கிற பலத்தை மூன்று மடங்காக்கும். துணி கிழியவில்லை. முளை பிடுங்கிக்கொண்டு வந்தது. ஊறிய மண்ணில் ஜாண் நீள அலுமினிய முளை, வெண்ணெயில் செருகிய ஊசிக்குச் சமானம். தலைமாட்டுக் கம்பு தரைக்குள் நாலு விரற்கடை இறங்கி, அப்படியே சாய்ந்தது. கோயில் மண்டபத்தில் ஒதுங்கி நின்ற நாலு பையன்கள் கைதட்டினார்கள்.

மழை விட்டதும் வீட்டுக்குப் போய் மூன்று சாமான் கொண்டுவந்தோம். முழ நீள விறகுக்கட்டை இரண்டு, மோட்டாரின் பழைய டியூப், அத்தை பூச்செடிக்கு அடியில் வைத்திருந்த, ரப்பர் பால் பிடிக்கும் மங்கு இரண்டு. கட்டையின் நடுவில் கயிற்றைக் கட்டி, கயிற்றுக்குக் குறுக்காக ஒரு முழ ஆழத்தில் படுக்க வைத்துப் புதைத்து மிதித்தோம். முளை தன்னைச் சுற்றியிருக்கும் சிறிது மண்ணை மட்டும் பிடிக்கிறது. கிடந்த கட்டை வெளியே வர வேண்டுமானால் முன்னால் இருக்கும் மண் முழுவதையும் தூக்கிக்கொண்டு வர வேண்டும். டியூபை விரல் அகல வளையங்களாக வெட்டிக் கயிற்றுக்கும் துணிக்கும் நடுவில் மாட்டினேன். துணி நீண்டால் ரப்பர் சுருங்கித் தொய்வை வாங்கிக்கொள்ளும், காற்று உதைத்தால் தையலுக்கு அடி விழாது. மங்கை மண்ணில் அழுத்தி, கம்பின் காலை அதற்குள் நிறுத்தினேன். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. பால் பிடித்துப் பிடித்து உள்பக்கம் கருத்துப்போன பழைய மங்கு.

ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடியும் தூறல், அப்புறம் நல்ல மழை. சுவர் கொஞ்சம் தளர்ந்து, டியூப் சுருங்கி, மறுபடி விறைப்பது டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. கம்பு அசையவில்லை. துணிக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டிருந்ததால் புழுக்கமும் இல்லை. ஆனால் முகட்டுத் தையலில் சரியாக என் நெற்றிக்கு நேரே ஒரு சொட்டு. துடைத்தால் கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. ஊசி ஓட்டைகளுக்குச் சிலிக்கான் பூச நேரமில்லாமல் வந்ததன் பலன். தலையை நகர்த்திப் படுத்தேன். சொட்டு காதில் விழுந்தது.

ஞாயிறு காலை வெயில் ஏறியதும் அத்தை வீட்டு வாசலில் முகட்டை நீட்டிக் கட்டி, இரும்புக்கடையில் வாங்கிய சிலிக்கானைத் தின்னரில் கரைத்து, பழைய பிரஷ்ஷால் தையல் நெடுகப் பூசினேன். காய ஆரம்பித்ததும் புளித்த வினிகர் வாடை தெருவரைக்கும் போனது. அடுக்களையிலிருந்து அத்தை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"எங்கப்பா ஆசிட் ஊத்திப் பால் உறைய வைப்பாரே, அந்த நாத்தம்டா இது" என்றவர், என் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு, நான் விட்டுப்போன இடங்களில் பூசத் தொடங்கினார்.