பட்டவராயருக்கு ஒரு ஜோடி செருப்பு

எங்கள் ஊர்க் கண்மாய்க்கரை சாஸ்தாவுக்கு மூலஸ்தானம் பாபநாசம் மலைக்காட்டில் இருக்கிற காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில்தான். எந்தத் தலைமுறையில் பிடிமண் எடுத்து வந்தார்கள் என்று சொல்ல இப்போது ஆள் இல்லை. "ஆயுசுக்கு ஒருக்காவது மண்ணெடுத்த இடத்துக்குப் போயிரணும்ல" என்பார் அப்பா. நான் டெங்குவில் படுத்துக் கிடந்தபோது, அந்தக் கோயிலில் இருக்கிற காவல் தெய்வம் பட்டவராயருக்குச் செருப்பு நேர்ந்திருந்தார். அவரை முழங்கால் போகவிடவில்லை. போன தை மாதம் காலமாகிவிட்டார். இந்த ஆடி அமாவாசைக்கு அத்தையைக் கூட்டிக்கொண்டு நான் போனேன்.

திருவிழா நாளில் சொந்த வண்டி மேலே போகாது. வேனைக் கீழேயே விட்டுவிட்டு பஸ்ஸுக்கு இரண்டரை மணி நேரம் வரிசையில் நின்றோம். எழுபது வயதைத் தாண்டிய அத்தை, பொங்கல் பானையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்து வந்தாள். சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் பைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். முண்டந்துறை புலிக்காடு அது, நல்ல காரியம்தான். மேலே போனதும் ஒருவன் குடில் போட இடம் பிடித்துத் தருகிறேன் என்று முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். திரும்பி வரவே இல்லை. அய்யனார் பார்த்துக்கொள்வார்.

வயிறு எரிந்தது ஆற்றில்தான். தர்ப்பணம் முடித்துவிட்டு உடுத்தின துணியை அப்படியே தண்ணீரில் விடுகிறார்கள். எள்ளும் தண்ணீரும் இறைக்கிற இடத்தையே அழுக்காக்கினால் நம் பெரியவர்கள் எதைக் குடிப்பார்கள்? காலில் சுற்றிய ஒரு சேலையை அத்தை இழுத்துக் கரையில் போட்டுவிட்டுத்தான் முங்கினாள்.

பொங்கல் வைத்து, அய்யனாரையும் சங்கிலி பூதத்தாரையும் கும்பிட்டுவிட்டுப் பட்டவராயரிடம் வந்தோம். பிராமணக் குலத்தில் பிறந்து, செருப்புத் தைப்பவரின் மகள்களான பொம்மக்கா திம்மக்காவைக் கட்டுவதற்காக அதை உதறிவிட்டுத் தானும் செருப்புத் தைத்தவர். மாடுகளைக் காக்கப் போய் உயிரைக் கொடுத்தவர். வில்லுப்பாட்டில் அந்த இடம் வந்தால் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்.

நேர்த்திச் செருப்புகள் வரிசையாகத் தொங்கின. ராத்திரியில் பட்டவராயர் அவற்றைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருவதால் தேயும் என்பார்கள். நான் கொண்டுபோன புதுத் தோல் செருப்பை மாட்டக் கையை உயர்த்தினேன். பக்கத்தில் ஒரு பழைய ஜோடி. இடது குதிகால் மட்டும் வெளிப்புறமாகத் தேய்ந்து, வார் ஓரம் வெளுத்திருந்தது. அப்பாவின் செருப்பு இப்படித்தான் தேயும். முழங்கால் வலியில் அவர் இடது காலைச் சாய்த்து வைப்பார். எங்கள் வீட்டு வாசலில் இன்னமும் கிடக்கிற அதே தேய்மானம். "அப்பா" என்றுதான் வாயில் வந்தது, சாமி பெயர் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள், நகர முடியவில்லை. அழுது தீர்த்தேன். என் அய்யனே, அவர் நடக்க முடியாமல் போன தூரத்தையெல்லாம் நீர் நடந்துகொண்டிருக்கிறீரே!

திரும்பும்போது மணிவிழுங்கி மரத்தடியில் அத்தை நின்றுவிட்டாள். கட்டிய மணிகளையெல்லாம் தனக்குள் வாங்கிக்கொள்கிற இலுப்பை மரம். பட்டைக்குள் பாதி போய்விட்ட ஒரு மணியின் விளிம்பை விரலால் தடவினாள்.

"எங்கய்யா கட்டுன மணியும் இதுக்குள்ளதாம்ல இருக்கும்" என்று சொல்லிவிட்டு, ஈரத் தலையோடு மரத்தில் காதை வைத்துக்கொண்டாள்.