ஜவ்வரிசிக்குள் நீந்தும் அரணை: இதுவரை

சகாராவில் வாழும் மணல்மீனுக்குப் பெயரில்தான் மீன். இனத்தில் அரணை, ஒரு சாண் நீளம். மிரண்டால் மணலுக்குள் தலையை விட்டு மறைந்துவிடும். உள்ளே எப்படிப் போகிறது என்பதை அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் டேனியல் கோல்ட்மன் குழு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து 2009-ல் வெளியிட்டது. கால்களை உடம்போடு ஒட்டிக்கொண்டு, நெளிந்தே நீந்துகிறதாம். பிறகு 7 துண்டுகள் கொண்ட ரோபோ ஒன்றைச் செய்து, 6 மி.மீ. பிளாஸ்டிக் மணிகளுக்குள் ஓடவிட்டார்கள். அதைப் படித்ததிலிருந்து, அதே மாதிரி ஒன்றை வீட்டில் செய்து பார்க்க எனக்குக் கை அரித்துக்கொண்டே இருந்தது.

முதல் வாரம்: மூட்டுகளை மடக்க ஐந்து குட்டி சர்வோ மோட்டார், அவற்றை இயக்க ஒரு ஆர்டுயினோ (சின்னக் கணினிப் பலகை), 32 செ.மீ. உடம்பு. ஆற்று மணலில் புதைத்து ஓட்டினேன். இரண்டாவது நெளிவிலேயே பிளாஸ்டிக் பல்சக்கரம் போச்சு. மணல் அவ்வளவு கனம்.

இரண்டாம் வாரம்: மணலுக்குப் பதிலாக, மளிகைக் கடையில் 15 கிலோ மாவு ஜவ்வரிசி. கடைக்காரர், "கல்யாணமா சார்?" என்றார். அதுவும் தப்பு. நெளிய நெளிய மாவாக உதிர்ந்து சர்வோவுக்குள் புகுந்துவிட்டது. மணல்மீனின் மூக்கை அப்போதுதான் நினைத்துக்கொண்டேன். மூச்சை மெதுவாக இழுக்கும்; மூக்கறை உள்ளே அகலமாக இருப்பதால் காற்று வேகம் குறைந்து மணல் துகள் அங்கேயே தங்கிவிடும்; பிறகு பலமாக வெளியே ஊதித் தள்ளும். என் இயந்திரத்துக்கு மூக்கு இல்லை. அக்காவின் பழைய லெகின்ஸை வெட்டி உறையாகத் தைத்தேன். மெட்டல் கியர் சர்வோவும், கெட்டியாக வழுவழுவென்றிருக்கும் நைலான் ஜவ்வரிசியும் வாங்கினேன்.

மூன்றாம் வாரம்: நகர்ந்தது! தலையில் நட்ட தென்னை ஈர்க்குச்சி மட்டும் மேலே ஊர்ந்து போனது. ஒரு நெளிவுக்கு 2 செ.மீ.தான். வேகத்தை இரட்டிப்பாக்கினேன், அப்போதும் நெளிவுக்கு அதே 2 செ.மீ. தண்ணீரில் வேகம் கூடினால் தடையும் கூடும். மணலில் இந்த வேகங்களில் தடை அநேகமாக மாறுவதில்லை. ஆக விஷயம் நெளிவின் வடிவத்தில்தான். வீச்சை (நெளிவு பக்கவாட்டில் விலகும் அளவு) அலைநீளத்தில் (ஒரு முழு நெளிவின் நீளம்) ஐந்தில் ஒரு பங்குக்கு ஏற்றினேன், அரணையும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் நெளிகிறது. 6 செ.மீ. கிடைத்தது. அரணை ஒரே நெளிவில் அலைநீளத்தில் பாதியைக் கடந்துவிடும். அந்தக் கணக்கில் எனக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வரவேண்டும்.

நான்காம் வாரம்: புதுத் தலைவலி. நாலைந்து நெளிவில் மூக்கு மேலே எட்டிப் பார்த்துவிடுகிறது. ஆழம் கூடக் கூட மணல் இறுக்கம் அதிகம்; அதனால் மேலே ஏறுவதுதான் சுலபம். மொட்டைத் தலையைக் கழற்றிவிட்டு, எம்-சீலில் ஆப்பு மாதிரி செய்தேன்: மேல்பக்கம் நுனியை நோக்கிச் சரிவு, அடிப்பக்கம் தட்டை. மணல்மீனின் முகம் அப்படித்தான், மண்வெட்டி போல. சரிவில் ஏறும் மணி தலையைக் கீழே அழுத்துகிறது. முதல் ஓட்டத்தில் தொட்டியின் அடியில் போய் முட்டியது. சரிவைக் கொஞ்சம் குறைத்தேன், ஆழம் மாறாமல் போனது.

இப்போது 70 செ.மீ. தொட்டி போதவில்லை. நீளமாகப் பலகைப் பெட்டி அடிக்க வேண்டும், அதற்கு இன்னும் 15 கிலோ ஜவ்வரிசி. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.