லெப்டொப்புக்குச் சீரியல் போர்ட் செய்யப் போய்க் கொழும்பில் நின்ற கதை

பத்து டொலரும் பெறாத ஐந்து சர்க்கிட் துண்டுகளுக்காக இரவு ரயிலேறிக் கொழும்புக்குப் போய், வெறுங்கையோடு மட்டக்களப்புக்குத் திரும்பி வந்தவன் நான். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அவற்றை வைத்துச் செய்த, லெப்டொப்புக்குள் செருகும் சீரியல் கார்ட் வேலை செய்கிறது என்பதால்தான் இதை எழுதும் அளவுக்காவது மனம் ஆறியிருக்கிறது.

என் தொழில் அரிசி மில்களில் லொறி நிறுக்கும் வேபிரிட்ஜ்களைப் பார்ப்பது. செங்கலடியிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் ஓட்டம். மேடைக்குப் பக்கத்து அறையில் நிறை காட்டும் பெட்டி இருக்கும். அது கம்ப்யூட்டரோடு பேசுவது ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் இணைப்பு வழியாக. 1960இல் வந்த முறை, மில்களில் இன்னும் அசையாமல் இருக்கிறது. லெப்டொப்களில் அந்த ஒன்பது முள் போர்ட் மறைந்து கனகாலம் ஆகிவிட்டதால், எல்லோரையும் போல நானும் யூஎஸ்பி-சீரியல் வயர் ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் திரிந்தேன். அதில் இரண்டு வில்லங்கம். கடையில் விற்கும் வயர்களில் பாதி போலிச் சிப். விண்டோஸ் அப்டேட் ஆன அடுத்த நாள் போர்ட்டே காணாமல் போகும். மற்றது மூடை தூக்கும் நாட்டாமைமார். பெரும்போக வெட்டு நேரம் லொறி வரிசை ரோட்டுக்கு வந்து நிற்க, மூடையோடு போகிறவரின் இடுப்பு வயரில் பட்டால் அவரைக் குறை சொல்ல முடியுமா? அப்படி இடிபட்டு இடிபட்டு என் பழைய லெப்டொப்பின் போர்ட் ஆடத் தொடங்கியது. வீடு கல்லடியில், ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். மிச்சத்தை உப்புக்காற்று பார்த்துக்கொண்டது. திறந்து பார்த்தபோது உள்ளே பச்சை. திருத்துகிற கடையில், போர்ட் மதர்போட்டிலேயே ஒட்டியிருக்கிறது, மதர்போட்டை மாற்ற வேண்டும் என்றார்கள். லெப்டொப்பின் விலையில் பாதி கேட்டார்கள்.

அந்த நேரம்தான் லண்டனில் இருக்கும் மச்சான் தான் பாவித்த பிரேம்வேர்க் 13 லெப்டொப்பைக் கொண்டுவந்து தந்தான். 2021இல் பிரேம்வேர்க் கொம்பனி வெளியிட்ட மாதிரியின் வழி வந்தது, ஏஎம்டி சிப். தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பக்கத்துக்கு இரண்டாக நான்கு பள்ளம். ஒவ்வொன்றிலும் 30க்கு 32 மில்லிமீற்றர் அளவில், 6.8 மில்லிமீற்றர் உயரத்தில் ஒரு சின்னக் கார்ட். உள்ளே எல்லாமே யூஎஸ்பி-சிதான். வெளிமுகம் எச்டிஎம்ஐ ஆகலாம், எஸ்டி கார்ட் ஆகலாம், ஈதர்நெற் ஆகலாம். எனக்குப் பிடித்தது அந்த வசதிகள் அல்ல. இடிபட்டாலும் துருப்பிடித்தாலும் போவது கார்ட் மட்டும். மதர்போட்டுக்கு ஒன்றும் ஆகாது. கடலோரத்தில் இருக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

மச்சானும் நானும் போனில் என்னென்ன கார்ட் செய்யலாம் என்று அலசாத இரவில்லை. வயரில்லாத மவுஸின் டொங்கிளை ஒளித்துவைக்கும் கார்ட் என்றான் அவன். நல்லதுதான், ஆனால் டொங்கிளுக்காக ஒரு பள்ளத்தையே கொடுப்பது எனக்கு வீண். ஒரே கார்டில் இரண்டு யூஎஸ்பி-சி என்றான். அதற்குள் ஒரு யூஎஸ்பியை இரண்டாகப் பிரிக்கும் ஹப் சிப் ஒன்றைத் திணிக்க வேண்டும், அப்படியும் சார்ஜ் எந்தத் துளையால் என்று மண்டை காயும். வெறும் டப்பாவாக 3டி பிரிண்டரில் அச்சடித்து உள்ளே மிட்டாய் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது சீரியல் ஒன்றே. உள்ளே யூஎஸ்பியைச் சீரியலாக்கும் சிஎச்340 சிப். அது 3.3 அல்லது 5 வோல்ற் மட்டத்தில்தான் பேசும் என்பதால் அதற்குப் பின்னால், அதை ஆர்எஸ்-232 மட்டத்துக்கு மாற்றும் மேக்ஸ்3232. இரண்டாவதை விட்டுவிட்டு நேரே வேபிரிட்ஜ் பெட்டியில் கொழுவிச் சிப்பைச் சுட்டவர்கள் உண்டு. அந்தப் பக்கம் மறை வோல்ற்றும் வரும், கவனம்.

ஒன்பது முள் சொக்கெற் கார்டில் அடங்காது. அதன் அகலமே ஏறக்குறைய 31 மில்லிமீற்றர், உயரம் கார்டைப் போல இரு மடங்கு. ஈதர்நெற் கார்டே வெளியே துருத்திக்கொண்டு நிற்பது இதே உயரப் பிரச்சினையால்தான். ஆகவே ஹெட்போன் மாட்டும் 3.5 மில்லிமீற்றர் துளையைப் போட்டேன். அனுப்ப, வாங்க, எர்த்: மூன்று கம்பி எனக்குப் போதும். யாராவது அதில் ஹெட்போனைக் கொழுவிவிடுவார்கள் என்று மச்சான் பயந்தான். மேலே சிவப்பு நெயில் பொலிஷ் பூசியிருக்கிறேன்.

கார்டின் அளவுப் படங்களையும் மாதிரிச் சர்க்கிட்டையும் கொம்பனியே யாரும் எடுத்துப் பாவிக்கத் திறந்து விட்டிருக்கிறது. சர்க்கிட் வரையும் மென்பொருளான கீகேட்டில் மூன்று இரவு வரைந்தேன். அதில் விட்ட ஒரு பிழையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சீனாவில் ஐந்துக்குக் குறைய அடிக்கமாட்டார்கள், அதனால் ஐந்து. என் வங்கி அட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறபட்டிருக்கவில்லை. மச்சான் லண்டனிலிருந்து தன் அட்டையால் கட்டினான். பார்சல் என் பெயருக்கு.

இங்கேதான் வினை.

பார்சல் கொழும்பில் நிற்கிறது என்று கூரியர்காரரிடமிருந்து குறுந்தகவல். நகரில் இருக்கும் அவர்களுடைய முகவர் கடைக்குப் போனேன். மேசையில் இருந்தவர் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது கஸ்டம்ஸ்ல கிடக்கு தம்பி. நமக்குத் தெரியா. மறுகா ஒருக்கா வாங்க" என்றார். மறுகாவும் போனேன். அதே பதில், ஆள் மட்டும் வேறு. ஹெட் ஒபிஸ் இலக்கம் கேட்டேன், தந்தார். அடித்தால் பாட்டுத்தான் பாடியது. நேரே போனால் எடுத்துக்கொண்டு வரலாம் என்று கடைக்கு வெளியே நின்ற ஓட்டோக்கார அண்ணன் உட்பட எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். இரவு ரயில்.

விடியக் கோட்டை ஸ்ரேஷனில் இறங்கி முகம் கழுவி, ஒபிஸ் திறக்கும் முன்னமே வாசலில் நின்றேன். அடையாள அட்டைப் பிரதி, இன்வொய்ஸ், பார்சல் இலக்கம் எல்லாம் பைலில். ஒன்றரை மணித்தியாலம் கழித்து என் முறை வந்தது. கவுன்டரில் இருந்தவர் முதலில் கேட்டது, "இது என்ன சாமான்?" என் அரைகுறைச் சிங்களத்தில் சர்க்கிட் என்றேன். "கம்ப்யூட்டரா, போனா?" இரண்டுமில்லை, கம்ப்யூட்டருக்குள் போடுகிற துண்டு என்றேன். கம்ப்யூட்டர் என்று எழுதினார். இல்லை, இதில் பாகம் ஒன்றும் பூட்டவில்லை, வெறும் பலகை என்றேன். வெட்டிவிட்டு வேறொன்று எழுதினார். பிறகு இன்வொய்ஸை விரித்து இரண்டு விரலை இரண்டு இடத்தில் வைத்தார். பணம் கட்டினவர் பெயர் ஒன்று, சாமான் எடுப்பவர் பெயர் இன்னொன்று. கட்டினவரிடமிருந்து கடிதம் வேண்டும், அட்டையில் பணம் போன பதிவும் வேண்டும்.

மச்சானுக்கு அடித்தேன். லண்டனில் அப்போது விடியவே இல்லை. அவன் எழும்பி, கடிதம் எழுதி, கையெழுத்து வைத்துப் படம் எடுத்து அனுப்பியபோது பின்னேரம் ஆகிவிட்டது. அச்செடுத்துக்கொண்டு ஓடினால் கவுன்டர் பூட்டு. அடுத்த நாள் போயா விடுமுறை. அதற்கடுத்தது சனி.

வெளிக்கேற்றில் நின்ற செக்யூரிட்டி ஐயா திருகோணமலைக்காரர், தமிழ். என் முகத்தைப் பார்த்தே விளங்கியிருக்க வேண்டும். "இதுக்கா மனே மட்டக்களப்புல இருந்து வந்தீங்க? கடிதத்த ஈமெயில்ல அனுப்பினாப் போதுமே. பில்லுல அட்ரஸ் போட்டிருக்கு" என்றார். பில்லைத் திருப்பினேன். பின்பக்கத்தில், எறும்பு எழுத்தில், இருந்தது.

வீட்டுக்கு வந்து ஈமெயில் அனுப்பினேன். ஆறாம் நாள் பார்சல் கல்லடி வாசலுக்கே வந்தது. கட்டிய வரியும் சேவைக் கட்டணமும் சர்க்கிட்டின் விலையை விட அதிகம். ஆகவே இப்படி ஏதும் எடுப்பவர்கள் கேளுங்கள்: கட்டுகிறவர் பெயரும் எடுக்கிறவர் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். முடியாவிட்டால் கடிதத்தை ஓடர் போட்ட அன்றே வாங்கி வையுங்கள். சாமானின் விபரத்தில் "கம்ப்யூட்டர்" என்ற சொல்லே வேண்டாம், "பாகம் பூட்டாத சர்க்கிட் பலகை" என்று எழுதச் சொல்லுங்கள்.

கார்டின் கூட்டை 3டி பிரிண்டரில் அச்சடித்துத் தந்தது வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கும் தம்பி ஒருவர். முதல் கூடு பள்ளத்துக்குள் சொகுசாகப் போனது, திரும்பி வர மறுத்தது. கால் மில்லிமீற்றர் பருமன் கூட. பூட்டை அமர்த்தினாலும் அசையவில்லை. கடைசியில் தங்கூசி நூலை விளிம்பால் நுழைத்துச் சுருக்குப் போட்டு இழுத்தோம். மீன் பிடிக்கிற ஊரில் இருப்பதன் லாபம். அந்தக் கூடு பிஎல்ஏ பிளாஸ்ரிக். ஒரு நாள் வெயிலில் காருக்குள் விட்டுப் பார்த்தேன், வளைந்துவிட்டது. சூட்டை இன்னும் தாங்கும் பிஇடிஜியில் அடியுங்கள், ஓரங்களை அரத்தால் தேய்த்த பிறகே உள்ளே விடுங்கள்.

இனி அந்தப் பிழை. எல்லாம் சோல்டர் பண்ணிக் கார்டைத் தள்ளினேன். ஒன்றுமில்லை. லைற் கூட எரியவில்லை. அதே கார்டை ஒரு மாற்றியில் கொழுவிப் பழைய டெஸ்க்டொப்பின் சாதாரண யூஎஸ்பியில் குத்தினால் உடனே எழும்பி நிற்கிறது! இரண்டு நாள் லெப்டொப்பைத் திட்டினேன். டவுணில் போன் திருத்தும் பையன் மைக்ரோஸ்கோப்பால் ஒரு தடவைதான் பார்த்தான். "அண்ணன், சிசி லைன்ல ரெசிஸ்டர் எங்க?" என்றான்.

பழைய யூஎஸ்பி எந்நேரமும் 5 வோல்ற்றைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். யூஎஸ்பி-சி அப்படியல்ல. மறுபுறத்தில் ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்தால்தான் கரண்டைத் திறக்கும். அதைச் சொல்வது சிசி முள்ளிலிருந்து எர்த்துக்குப் போகும் 5.1 கிலோஓம் ரெசிஸ்டர். பிளக்கில் அது ஏ5 முள். நான் போட்டிருந்தது எதிர்ப்பக்கத்து பி5இல், அதாவது ஒரு பிரயோசனமும் இல்லாத இடத்தில். மூன்று இரவு வரைந்த மகாராசனுக்கு இது கண்ணில் படவில்லை.

5.1 கிலோஓம் மட்டக்களப்பில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. பையன் ஒரு செத்த ரேடியோவிலிருந்து இரண்டு 10 கிலோஓம்மைக் கழற்றிச் சமாந்தரமாக ஒட்டினான். 5 கிலோஓம், பத்து வீதம் முன்பின் போகலாம் என்பதால் தாராளம். கார்டைத் தள்ளினேன், லைற் எரிந்தது. காசு வேண்டாம் என்றான். பிளேன்டீயும் ரோல்ஸும் வாங்கிக் கொடுத்தேன்.

முதல் ஓட்டம் சம்மாந்துறையில் ஒரு மில். போர்ட்டை 9600 வேகத்தில் திறந்தேன். திரையில் கேள்விக்குறியும் பெட்டியுமாக வந்து கொட்டியது. கணக்கெழுதும் காக்கா எட்டிப் பார்த்து, "இதென்ன தம்பி, சீன எழுத்தா?" என்றார். நிறை காட்டும் பெட்டி எழுத்துகளை அனுப்பும் முறை 7 பிற், ஈவன் பரிற்றி. லெப்டொப்பிலும் அப்படியே மாற்றியதும் நின்ற லொறியின் நிறை வந்தது: 14,260. பெட்டியிலும் அதே எண். நாட்டாமைமார் மூடையோடு போய்வந்தார்கள், ஒருவர் லெப்டொப்பை உரசிக்கொண்டே போனார். தொங்க வயர் இல்லை. ஹெட்போன் வயரைப் போல மெல்லிய ஒன்று மேசைக்குப் பின்னால் இறங்கிப் போகிறது, அவ்வளவுதான்.

ஒன்றிரண்டு கவனங்கள். வேபிரிட்ஜில் கொழுவும்போது லெப்டொப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றிவிடுங்கள். மில்களில் எர்த் ஒழுங்காக இருக்கும் என்று நம்ப எனக்குத் தைரியமில்லை. என்னுடைய ஏஎம்டி மாதிரியில் பின்னால் இருக்கும் இரண்டு பள்ளங்கள்தான் வேகம் கூடிய யூஎஸ்பி4. அவற்றைச் சார்ஜருக்கும் மொனிற்றருக்கும் விட்டுவிட்டுச் சீரியலை முன்பள்ளத்தில் போடுங்கள். வேலை முடிந்ததும் கழற்றிப் பையில் வையுங்கள், சும்மா இருந்தாலும் பற்றரியைக் கொஞ்சம் குடிக்கும்.

ரெசிஸ்டர் சரியான இடத்தில் இருக்கும் இரண்டாவது பதிப்புக்கு ஓடர் போட்டுவிட்டேன். இந்த முறை வங்கிக்குப் போய் அட்டையைத் திறந்து, என் பெயரிலேயே. பழையதில் ஒன்று சோல்டர் பழகியதில் கருகிப்போக, மூன்று மிச்சம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சும்மா தருகிறேன். இரண்டு 10 கிலோஓம்மை நீங்களே கொண்டு வரவேண்டும்.