கடைசி வரியில் இல்லாத பிழை

இயங்குதளத்தை மூல நிரலிலிருந்து பில்ட் செய்யும் (இயங்கும் வடிவுக்குத் தொகுக்கும்) வேலையில், உதவி கேட்டு வரும் ஸ்கிரீன்ஷாட்டுகள் பெரும்பாலும் ‘எர்ரர் 2’ என்று முடியும் கடைசி வரியைத்தான் காட்டும். அந்த வரியால் பயனில்லை. தான் ஏவிய துணைப்பணி ஏதோ ஒன்று தோற்றுவிட்டது என்பதைத் தவிர, பில்டை நடத்தும் கருவியான மேக் அதில் வேறெதுவும் சொல்வதில்லை. செயலியின் பல கோர்களில் வேலையைப் பகிர்ந்து ஓடவிட்டால், ஒரு பணி தோற்ற பிறகும் உடன் தொடங்கிய மற்றவை முடியும்வரை மேக் காத்திருப்பதால், உண்மையான பிழைச்செய்தி பல திரைகளுக்கு மேலே புதைந்துவிடும்.

ஆர்ம் செயலி கொண்ட போர்டு ஒன்றுக்காக நாங்கள் பராமரித்துவந்த லினக்ஸ், 4.19 கெர்னலின் (இயங்குதளத்தின் மைய நிரல்) ஆரம்பகாலப் பதிப்பில் அமைந்தது. சிக்கலின்றி பில்ட் ஆகிவந்த அது, பில்ட் சர்வரைப் புதுப்பித்ததும் நின்றுபோனது. சர்வரில் ஓடி போர்டுக்கான நிரலைத் தொகுக்கும் கிராஸ் கம்பைலர் மாறவில்லை, நிரலிலும் எவரும் கைவைக்கவில்லை என்பதால், பழி முதலில் வட்டின் மீது விழுந்தது. முன்பு தொகுத்தவற்றை அழிக்கும் ‘மேக் கிளீன்’ கொடுத்து மறுபடி ஓட்டிப்பார்க்கலாம் என்றார்கள். எல்லா நோய்க்கும் ஒரே கஷாயம் என்கிற இந்த வழக்கத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. சில சமயம் அது கேட்கும், ஆனால் எதனால் கேட்டது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஒரே பணியாக, ‘-ஜே1’ என்று ஓடவிட்டு, வெளியீடு முழுவதையும் கோப்பில் சேமித்து, மேலிருந்து படித்தோம். ‘ஒய்ஒய்லாக்’ என்ற மாறி இரு இடங்களில் வரையறுக்கப்பட்டிருப்பதாக, தொகுத்த கோப்புகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர் முறையிட்டிருந்தது. அதைவிட முக்கியமானது அதற்கு முந்தைய வரி: அது ‘ஹோஸ்ட்எல்டி’ என்று, அதாவது சர்வரிலேயே ஓடும் நிரலை இணைக்கும் படி என்று, தொடங்கியது. போர்டின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்புகளைத் தொகுக்கும் டிடிசி நிரல், பில்ட் நடக்கும்போதே சர்வரில் ஓடவேண்டியது என்பதால், அதைத் தொகுப்பது கிராஸ் கம்பைலர் அல்ல, சர்வரின் சொந்தக் கம்பைலரான ஜிசிசி. புதுப்பித்தலில் அது பதிப்பு 10 ஆகியிருந்தது. தொடக்க மதிப்பில்லாத ஒரே பொது மாறி இரண்டு கோப்புகளில் இருந்தால், பழைய பதிப்புகளில் லிங்கர் அவற்றைச் சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடும். 2020இல் வந்த ஜிசிசி 10, ‘-எஃப்நோ-காமன்’ என்பதை இயல்புநிலையாக்கி அந்தச் சலுகையை நிறுத்திவிட்டது.

பழைய சலுகையை மீட்கும் ‘-எஃப்காமன்’ சேர்த்தால் உடனே தீரும் என்பது உண்மைதான். ஆனால் அது இதேபோன்ற மற்ற இரட்டை வரையறைகளையும் மூடிமறைக்கும் என்பதால், டிடிசியின் லெக்ஸர் (உரையைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதி) கோப்பில் அந்த மாறியை வரையறுக்கும் ஒரு வரியை நீக்கும் திருத்தத்தையே, கெர்னலின் மூலக் கிளையிலிருந்து எடுத்துச் சேர்த்தோம்.

அதைத் தாண்டிய பில்ட், சி++ தொகுப்புகளில் ‘கில்டு’ என்று மீண்டும் விழுந்தது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசெக்கைப் பார்த்ததும் விடை தெரிந்தது: புதிய சர்வரில் கோர்கள் கூடியிருந்தன, நினைவகம் கூடவில்லை, கோர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணிகளைத் தொடங்கியதால், நினைவகம் தீர்ந்து கெர்னலே கம்பைலரை நிறுத்தியிருந்தது. இணைப்பணிகளைக் குறைத்ததும் பில்ட் முடிந்தது. இப்போது எங்கள் ஸ்கிரிப்ட், சர்வரின் ஜிசிசி பதிப்பையும் நினைவக அளவையும் லாக் கோப்பின் தலைப்பிலேயே எழுதிவிட்டுத்தான் பில்டைத் தொடங்குகிறது.